டொக்டருக்குக் காட்டாத தோல்

நீக்கிலாஸ் தோல் டொக்டரிடம் போகிற நாள் வருகிறதென்றால், அதற்கு ஒரு கிழமை முந்தியே அவர் மனைவி அன்ரனெற் வேலையைத் தொடங்கிவிடுவாள். நல்ல சட்டையைத் தோய்த்து மினுக்கித் தொங்கவிடுவாள். மனிசனின் நகத்தை வெட்டுவாள். ஒவ்வொரு இரவும் ஆளைக் கட்டிலில் குப்புறப் போட்டு, முதுகு, இடுப்பு, தொடை எல்லாம் கொழும்புக் கிறீமைத் தேய்ப்பாள். வாடகை வீட்டை ஒப்படைக்கப்போகிறவன் சுவருக்குப் பெயின்ற் அடிப்பதுபோல ஓர் இடம் விடமாட்டாள்.

"ஏனப்பா உது? நான் என்ன பூசைக்கே போறன்? சொறியைக் காட்டத்தானே போறன்," என்பார் நீக்கிலாஸ் தலையணைக்குள் முகத்தைப் புதைத்தபடி.

"சொறியைக் காட்டுறதெண்டாலும் ஒரு முறை இருக்கு. உந்தக் கோலத்தோட போய் நிண்டால் ஊத்தைச் சனமெண்டு நினைக்கமாட்டாவே அவ?"

கிறீம் வந்த வழி இது. அன்ரனெற்றின் தம்பி கஸ்பருக்கு வெள்ளவத்தையில் மருந்துக்கடை வைத்திருக்கும் கூட்டாளி ஒருவன் இருந்தான். கொழும்பிலிருந்து ஆர் ரொறன்ரோவுக்கு வந்தாலும் அவர்களுடைய பெட்டிக்குள் கருவாட்டோடும் பனங்கட்டியோடும் இந்த ரியூப்பும் வரும். என்ன மருந்தென்று கஸ்பருக்கும் தெரியாது. "நல்ல சாமான் அத்தான், பூசிப் பாருங்கோ, அடுத்த நாளே வித்தியாசம் தெரியும்" என்பதுதான் அவனுக்குத் தெரிந்த வைத்தியம். அவன் சொன்னது பொய்யுமில்லை. பூசினால் மூன்றாம் நாள் சிவப்பு இறங்கும். ஐந்தாம் நாள் செதில் உதிரும். ஏழாம் நாள் பார்த்தால் பிள்ளைத்தாச்சிப் பெண்ணின் கன்னம்போலத் தோல் மினுங்கும். ஆனால் ரியூப் சின்னன், உடம்பு பெரிது. நாளாந்தம் பூசக் கட்டாது. அதனால் அதைக் கலியாணவீட்டுக்கும் பெருநாளுக்கும் டொக்டருக்கும் மட்டும் என்று அன்ரனெற் எடுத்துவைத்திருந்தாள்.

இப்படியே மூன்று வருசம்.

கடி முதலில் இடுப்பில், காற்சட்டை வார் இறுக்குகிற இடத்தில் தொடங்கியது. பிறகு பிட்டத்தில், பிறகு தொடையில், வெயில் படாத இடமெல்லாம் தேடித் தேடிப் பிடித்தது. சில இடம் சிவந்து தடித்தது. சில இடம் நிறம் வெளிறிப்போனது. அந்த வெளிறல்தான் ஊர்ச்சனத்துக்குப் பயம். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் நினைத்தது ஒரே வருத்தத்தை, ஒரே நோயைத்தான்.

காரணம் சொல்லாத ஆளில்லை. நீக்கிலாஸ் வேலை செய்தது ஸ்காபரோவில் ஒரு பாண் பக்ரறியில். பாண் சுடுகிற போறணை வாயிலில் நின்று சூடான தட்டுகளை இழுத்து வண்டியில் அடுக்குகிற வேலை. ஆகவே, மா ஒத்துவரவில்லை என்றார்கள். பிறகு குழாய்த் தண்ணி என்றார்கள். அப்பார்ட்மென்ற் ஹீற்றர் என்றார்கள். நண்டை விடச் சொன்னார்கள், விட்டார். இறாலை விடச் சொன்னார்கள், அதையும் விட்டார். கத்தரிக்காயை விடச் சொன்னபோது, "இனி நான் சோத்துக்கு என்னத்தைத் தொட்டுத் தின்னுறது, சோத்தையோ?" என்று கத்தினார். பிளாசாவிலுள்ள குடும்ப டொக்டர் தமிழ்ப் பிள்ளைதான். அவர் "வறண்ட தோல் அங்கிள், நிறையத் தண்ணி குடியுங்கோ" என்றார். தண்ணியையும் குடித்தார். இரவில் சொறிய எழும்பியவர் இப்போது சொறியவும் சலம் பெய்யவும் எழும்பினார்.

கடைசியில் டவுன்ரவுனிலுள்ள பெரியாஸ்பத்திரித் தோல் டொக்டரிடம் அனுப்பினார்கள். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய வெள்ளைக்கார மனுசி. அன்பானவ, ஆனால் குழம்பினவ. நீக்கிலாஸ் சட்டையைக் கழற்றினால் அவவுக்குப் பார்க்க ஒன்றுமிருக்காது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மங்கல் தழும்பு. "நல்லாயிருக்கே," என்பா. "இப்ப அப்படித்தான் இருக்கும், அடுத்த கிழமை வந்து பாருங்கோ," என்று நீக்கிலாஸ் தமிழில் முணுமுணுப்பார். அன்ரனெற் முதியோர் இல்லத்தில் வேலை செய்து பிடித்த இங்கிலீசில், "சில நேரம் கூடும், சில நேரம் குறையும்" என்று அதை அழகாக்கிச் சொல்லுவாள். டொக்டர் இரண்டு தரம் முதுகில் மிளகளவு சதை வெட்டி எடுத்து அனுப்பினா. இரண்டு தரமும் ஒரே மறுமொழி. எக்ஸிமாவாக இருக்கலாம், வேறேதாகவும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது.

"சொல்ல முடியாதெண்டு சொல்லுறதுக்கு ஏன் வெட்டுவான்?" என்று பஸ்ஸில் வரும்போது நீக்கிலாஸ் கேட்டார். "அதை நானும் சொல்லியிருப்பன்தானே, வெட்டாமல்."

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம் போனபோது டொக்டர் அவர் கமக்கட்டையும் தொடையிடுக்கையும் அமத்திப் பார்த்தா. முகம் கொஞ்சம் மாறியது. நெறி கட்டியிருக்கிறதாம். பிறகு இரத்தம் எடுக்க வேண்டும் என்றா. ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறதாம். தோல் வருத்தக்காரரின் இரத்தத்திலுள்ள புரதங்களை அளந்து, எது வெறும் எக்ஸிமா, எது பெரிய வருத்தம் என்று பிரித்தறிய அது உதவுமா என்று பார்க்கிறார்களாம். விருப்பமென்றால் சேரலாம்.

"சேருவம்," என்றாள் அன்ரனெற், ஏதோ சீட்டுக்குச் சேருகிறதுபோல.

"என்ர ரத்தம், நீ சேருறாய்," என்றார் நீக்கிலாஸ். ஆனால் கையை நீட்டினார்.

இரத்தம் எடுக்க முன்னம் தாதி வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டாள். ஏதாவது மருந்து பாவிக்கிறாரா? அன்ரனெற் இல்லையென்றாள். அதில் ஒரு கள்ளமுமில்லை. அவளுக்கு மருந்தென்றால் டொக்டர் எழுதித் தந்து, பார்மசியில் பெயரொட்டிக் கடதாசிப் பைக்குள் போட்டுத் தருவது. கஸ்பர் எடுப்பித்துத் தருவது சாமான். பவுடர்போல, நல்லெண்ணெய்போல. அதை ஆரும் டொக்டரிடம் சொல்லுவார்களா? நீக்கிலாசுக்கும் அது வாயில் வரவில்லை. அவருக்கு அந்த நேரம் வாயில் வந்தது, தாதி நரம்பைத் தேடிக் குத்துகிற குத்துக்கு வேறு சொல்.

பங்குனியில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். திடீரென்று கூப்பிட்டதால் அன்ரனெற்றுக்கு மூன்று நாள்தான் கிடைத்தது. அந்த மூன்று நாளும் இரண்டு மடங்கு பூசினாள்.

டொக்டர் இந்தமுறை சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து நீக்கிலாசுக்கு முன்னால் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னா. அன்ரனெற் துண்டு துண்டாகத் தமிழாக்கினாள்.

"ரத்தத்தில வெள்ளைச் செல் இருக்காம். அதில ஒரு சாதி, கிருமியோட சண்டை பிடிக்கிறதாம். அதுகள் உசார் ஏறி நிக்கேக்க, தங்கட மேலில இருக்கிற ஒரு புரதத்தைத் துண்டு துண்டா ரத்தத்துக்குள்ள கழட்டி விடுமாம். அந்தத் துண்டைத்தான் அளந்தவையாம். எக்ஸிமாக்காரருக்கும் கொஞ்சம் கூடத்தான் இருக்குமாம். ஆனா உங்களுக்கு..." அவள் டொக்டரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு நல்லாக் கூடவாம்."

"கூடினால் என்ன?"

"அது மட்டும் வைச்சு இன்னதெண்டு சொல்ல ஏலாதாம். ஆனால் அவவுக்கு ஒரு விசயம் விளங்கேல்லையாம். இவ்வளவு துண்டு ரத்தத்தில ஓடுற ஆளின்ர தோல் இப்பிடித் துப்புரவா இருக்கக் கூடாதாம்."

டொக்டர் நீக்கிலாசை வெளிச்சத்துக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தா. முதுகை விரலால் தடவினா. விரலை மூக்கருகே கொண்டுபோனா. பிறகு அன்ரனெற்றிடம் புதுக் கேள்வியொன்று கேட்டா. இங்கே வருவதற்கு முந்தின நாட்களில் வீட்டில் என்னென்ன செய்கிறீர்கள்?

அன்ரனெற்றின் முகம் மலர்ந்தது. மூன்று வருசமாக ஒருவரும் அவளுடைய பாட்டைக் கேட்கவில்லை. நகம் வெட்டுவதிலிருந்து தொடங்கி, சட்டை மினுக்குவது, குளிக்கவார்ப்பது, கிறீம் பூசுவது எல்லாம் விரல்விட்டுச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டா.

"எந்தக் கிறீம்?"

அன்ரனெற் கைப்பைக்குள்ளிருந்து ரியூப்பை எடுத்து நீட்டினாள். கழுத்தடியில் விட்டுப்போன இடமிருந்தால் ஆஸ்பத்திரிக் கக்கூசில் வைத்துப் பூசலாமென்று கொண்டுவந்தது. டொக்டர் கண்ணாடியை ஏற்றிப் பொடி எழுத்தை வாசித்தா. கண்ணை மூடினா.

நீக்கிலாசுக்கு இங்கிலீசு தேவைப்படவில்லை. பக்ரறியில் ஒருவன் முழுத் தட்டுப் பாணையும் நிலத்தில் கொட்டினால் சூப்பவைசர் இப்படித்தான் கண்ணை மூடுவான்.

"என்னவாம்?" என்றார்.

"சரியான கடும் மருந்தாம்." அன்ரனெற்றின் குரல் இறங்கிவிட்டது. "அது பூசினால் தோலுக்குள்ள அந்தச் செல் எல்லாம் அடங்கிப்போய்க் கிடக்குமாம். தோலை வெட்டிப் பாத்தாலும் ஒண்டும் பிடிபடாதாம். ரெண்டு தரம் வெட்டினதும் வீணாம்."

"வீணோ?"

"வீணாம்."

நீக்கிலாஸ் சட்டையைத் தேடினார். அது கொளுவியில் மடிப்புக் குலையாமல் தொங்கியது. அதைப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆரைப் பேசுவது? பூசின மனிசியையா, அனுப்பின மச்சானையா? இவ்வளவு படித்தும் வீட்டில் என்ன செய்கிறாயென்று ஒரு வார்த்தை கேட்காத டொக்டரையா? படுக்கச் சொன்னதும் படுத்த தன்னையா? ஒருவரையும் தனியே பிடித்துத் திட்ட முடியாததுதான் பெரிய எரிச்சல்.

டொக்டர் ஒரு முடிவு சொன்னா. நாலு கிழமைக்கு ஒரு கிறீமும் இல்லை. தோல் தன் பாட்டில் வரட்டும். எவ்வளவு அசிங்கமாக வந்தாலும் வரட்டும். பிறகு வெட்டிப் பார்ப்போம். இரத்தம் இப்படிச் சொல்லுகிறபோது இதை இனி விடமுடியாது.

முதற் கிழமை கடி மட்டும். இரண்டாம் கிழமை எல்லாம் ஒன்றாக வெளிவந்தது. முதுகு முழுக்கச் செதில் கட்டியது. இடுப்பில் தடித்த திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இத்தனை நாள் கொலருக்குக் கீழே நின்றது கழுத்துக்கு ஏறியது, மணிக்கட்டுக்கும் வந்தது. போறணைச் சூட்டில் நீளக் கைச்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். வியர்வை பட்டால் நெருப்பு. வீட்டுக்கு வந்தால் கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பார். அன்ரனெற் பக்கத்து அறைக்குப் போய்விடுவாள். அவளால் அதைப் பார்த்துக்கொண்டு கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

மூன்றாம் கிழமை முடிவில் கஸ்பரின் மகள் ஸ்டெபனிக்கு முதல் நன்மை, முதற்தடவை நற்கருணை வாங்குகிற நாள். நீக்கிலாஸ்தான் ஞானத்தகப்பன். கோவிலில் முன்வரிசையில் நின்று மெழுகுதிரி பிடிக்க வேண்டும். அதற்கு முதல்நாள் கஸ்பர் வந்தான். குசினி மேசையில் புது ரியூப் ஒன்றை வைத்தான்.

"அத்தான், ஒரு நாளைக்குத்தானே. கழுத்துக்கும் கைக்கும் மட்டும் பூசுங்கோ."

"ஏலாது."

"டொக்டருக்கு ஆர் சொல்லப்போறது?"

"டேய், டொக்டருக்கு நாங்கள் சொல்லாமல் விட்டதாலதான் மூண்டு வருசம் நான் நாய் மாதிரிக் கதவில உரஞ்சுறன்."

"அப்பிடியில்லை அத்தான். வீடியோக்காரன் வாறான். சனம் முழுக்க வருது, விட்பியில இருந்தெல்லாம் வருகுதுகள். பிள்ளைக்குப் பக்கத்தில நீங்கள் உப்பிடி நிண்டால்..."

"உப்பிடி எண்டால்?"

கஸ்பர் ரியூப்பை மேசையில் இப்படியும் அப்படியும் உருட்டினான்.

"வாய்க்குள்ள வைச்சிருக்கிறதைச் சொல்லன்ரா. நீயும் டொக்டர் மாதிரிச் சொல்ல முடியாதெண்டு சொல்லாதை."

"அக்கா, நீயாவது சொல்லன்," என்றான் கஸ்பர்.

அன்ரனெற் ரியூப்பைப் பார்த்தாள். மூடியைத் திருகக் கை போனது நீக்கிலாசுக்குத் தெரிந்தது. மூன்று வருசப் பழக்கமல்லவா. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அதை எடுத்துத் தம்பியின் ஜக்கற் பொக்கற்றுக்குள் வைத்தாள்.

"உனக்கு வேற ஞானத்தகப்பன் வேணுமெண்டால் பார். இவர் இப்பிடித்தான் வருவார்."

வேறு ஆளைத் தேட நேரமில்லை. நீக்கிலாஸ் அப்படியே போனார். மெழுகுதிரி பிடித்த கையில் சட்டைக்கை மேலே ஏற, மணிக்கட்டுத் திட்டுகள் மெழுகுவெளிச்சத்தில் செக்கச்செவேலென்று தெரிந்தன. வீடியோக்காரன் பிள்ளையை மட்டும் கிட்டவாக எடுத்தான். ஸ்டெபனிக்கு அதைப் பற்றி ஒரு கவலையுமில்லை, மாமாவின் மற்றக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹோலில் சாப்பாட்டு நேரம் அவருக்கு இரண்டு பக்கமும் கதிரை வெறுமையாகக் கிடந்தது. வயதுபோன பேர்ணடெற் அன்ரி மட்டும் ரோல்ஸ் வைத்த சாப்பாட்டுக் கோப்பையோடு எதிரே வந்து நின்று, ஹோல் முழுக்கக் கேட்கக் கேட்டா.

"தம்பி, உது குட்டமே?"

"தெரியாது அன்ரி. அதைத்தான் வெட்டிப் பாக்கப்போயினம். தெரிஞ்ச உடன முதல் போன் உங்களுக்குத்தான்."

"எனக்கேன் முதல்? ரண்டாவதா அடி," என்று சொல்லி, ஒரு ரோல்சை அவருடைய கோப்பையில் வைத்துவிட்டுப் போனா. நல்ல மனுசி. மற்றவர்கள் கேட்காமல் இருந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்ரனெற் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அன்றைக்கு வீடு வரும்வரை அவள் அந்தப் பக்கத்தைவிட்டு அசையவில்லை.

நாலாம் கிழமை முடிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நீக்கிலாஸ் சட்டையைக் கழற்றியதும் டொக்டர் "ஆ!" என்றா. இன்னும் ஏதோ சொன்னா.

"என்னவாம்?"

அன்ரனெற் தயங்கினாள். "இதைத்தானாம் இவ்வளவு நாளும் பாக்க ஆசைப்பட்டவ."

"பாக்கட்டும். பாத்து நிரம்பட்டும்."

மூன்று இடத்தில் வெட்டினா. இரண்டு கிழமை கழித்து மறுமொழி வந்தது. அதே அறை, அதே கதிரை. டொக்டர் சொல்லச் சொல்ல அன்ரனெற் ஒவ்வொன்றாகத் தமிழில் இறக்கினாள். தோலில் வருகிற லிம்போமா. அந்தச் சண்டைக்காரச் செல்களிலேயே ஒரு கூட்டம் கெட்டுப்போய்த் தோலுக்குள் வந்து குடியேறிவிட்டது. நெறி கட்டியிருந்தாலும் அதற்குள் இன்னும் பரவியதாகத் தெரியவில்லை. இது... அதற்குப் பிறகு அன்ரனெற் நிறுத்திவிட்டாள்.

"கான்சர்," என்றார் நீக்கிலாஸ். அந்தச் சொல்லுக்குத் தமிழாக்கம் தேவையில்லை.

டொக்டர் அவசரமாகத் தொடர்ந்தா. கான்சர்தான், ஆனால் மெதுவாக நடக்கிறது. இதோடு கனகாலம் இருக்கிறவர்கள் நிறையப் பேர். மாத்திரை போட்டுவிட்டு ஒருவகை வெளிச்சத்துக்குள் நிற்கிற வைத்தியம் இருக்கிறது. கிழமைக்கு மூன்று தரம் வர வேண்டும். முழுக்க மாறும் என்று சத்தியம் பண்ணமாட்டா, அடக்கிவைக்கலாம் என்றா.

நீக்கிலாசுக்கு அழுகை வரவில்லை. பயம் வந்தது. ஆனால் அதற்கு மேலால் வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது.

"மூண்டு வருசமா மா எண்டாங்கள், தண்ணி எண்டாங்கள், ஹீற்றர் எண்டாங்கள். நான் நண்டு தின்னேல்லை அன்ரனெற்! மூண்டு வருசம் நண்டு தின்னேல்லை! ஒரு பேர் வைக்க மூண்டு வருசமே?"

டொக்டர் என்னவென்று கேட்டா. அன்ரனெற் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நண்டை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னாள்.

"கேள் அவவை," என்றார் நீக்கிலாஸ். "கிறீம் பூசாமல் வந்திருந்தால் முதலாம் வருசமே பிடிச்சிருப்பாவோ? உள்ளதைச் சொல்லட்டும். எங்களுக்காக இனிப்புத் தடவ வேண்டாம்."

அன்ரனெற் கேள்வியைக் கேட்டாள். டொக்டர் சொல்லச் சொல்ல அவள் தமிழாக்கினாள்.

"பிடிச்சிருக்கலாமாம். பிடிக்காமலும் விட்டிருக்கலாமாம். கிறீம் பூசாத ஆக்களிலயும் இது எக்ஸிமா மாதிரி வேசம் போட்டுக்கொண்டு வருசக்கணக்கா ஒளிச்சிருக்குமாம். ரத்தத்தில அந்தப் புரதம் கூடிக் கிடந்தபடியாத்தானாம் அவ உங்களை விடாமல் பிடிச்சவ. முதல் நாளே வீட்டில என்ன செய்யிறியளெண்டு கேட்டிருக்கவேணுமாம், தன்னிலயும் பிழையாம்." அன்ரனெற் மூச்செடுத்தாள். "இன்னும் இடைக்கிடை ரத்தம் தருவியளோ எண்டும் கேக்கிறா. அந்த ஆராய்ச்சிக்கு."

"எடுக்கச் சொல்லு. என்னட்ட அது ஒண்டுதான் உள்ளதைச் சொல்லியிருக்கு."

சப்வேயில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கென்னடி ஸ்டேசன்வரை நீண்ட பயணம். பாதிவழி அன்ரனெற் கைகளை மடியில் கோத்தபடி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானே பூசினனான்," என்றாள் கடைசியில்.

நீக்கிலாசுக்கு எரிச்சல் மறுபடி ஏறியது. இதையும் இனி நான்தான் தூக்கிச் சுமக்க வேண்டுமா என்று இருந்தது. முதுகு வேறு சீற்றில் பட்டுக் கடித்தது. அவர் ஒருபக்கம் சரிந்து முதுகைக் காட்டினார்.

"பூசினது நீ, படுத்துக் கிடந்தது நான். சும்மா அழுது போட்டு இருக்காமல் உதில, தோள்மூட்டுக்குக் கீழ, மெல்லமாத் தட்டு. சொறியாதை, தட்டு."

அவள் தட்டினாள். எதிர்ச்சீற்றிலிருந்த ஒரு சீனாக்காரப் பெடிச்சி பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று நீக்கிலாஸ் விட்டுவிட்டார்.

"தம்பி போன் அடிப்பான். அவனுக்கு என்ன சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லு. இன்னும் கொஞ்சம் கீழ."

"நம்பமாட்டான்."

"அதுக்கு நான் என்ன செய்ய? நம்பாட்டில் அவனையும் கூட்டிக்கொண்டு வா, டொக்டர் அவனிட்டையும் ரத்தம் எடுக்கட்டும்," என்றார் நீக்கிலாஸ்.